மன்னிப்புக் கேட்ட முன்வரிசைக்காரன்

சிட்னியில் லிட்கம் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் சுழல்கம்பிக்குக் கீழே நான் மல்லாந்து படுத்திருந்தேன். குளிர்காலத்துச் சனிக்கிழமைக் காலை. புல்லின் ஈரம் சேர்ட்டைத் தாண்டி முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, வேலியோரம் கிடந்த ஒரு செங்கல்லின் மேல் வைத்திருந்தேன். மிதிபடப் போகிறவன் செய்யவேண்டிய முன்னேற்பாடு அது.

எனக்கு மேலே, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, என் மனைவியின் தம்பி பரா நின்றான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தடித்த காலுறையோடு நின்றான்.

“மிதியடா,” என்றேன்.

“ஏலாது அத்தான்.”

“நெஞ்சில வேண்டாம். தொடையில வை. வைச்சிட்டுக் குனியாமல் அங்கால போ. அவ்வளவுதான்.”

“அக்காவின்ர புருசனை மிதிக்கச் சொல்லுறியள். விளங்குதோ உங்களுக்கு?”

“நாளைக்கு முதல் அணியில நிக்க வேணுமெண்டால் மிதி.”

பரா கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கினான். அது என் தொடையில் பட்டதோ இல்லையோ, படக்கென்று குனிந்து என் தோளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

“பாத்தியோ, திரும்பவும் செய்திட்டாய்!”

“கை தானாப் போகுது. நான் என்ன செய்ய?”

பக்கத்து வீட்டு இத்தாலியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார்.

பந்தும் பெயரும்

சிட்னியில் ‘புட்போல்’ என்றால் நாங்கள் அறிந்த உருண்டைப் பந்து அல்ல. நீள்வட்டப் பந்து. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடவேண்டும். எதிரணி அவனைக் கட்டிப்பிடித்து விழுத்தவேண்டும். விழுந்தவன் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். மெல்பேணில் இருக்கும் என் நண்பர் ஒருவர், தங்கள் ஊரில் விளையாடுவதுதான் உண்மையான புட்போல் என்று இன்றைக்கும் தொலைபேசியில் சண்டைக்கு வருவார். அந்த வழக்கை அவரோடே விட்டுவிடுகிறேன்.

ஆட்டம் தடைப்பட்டால் இரு அணியிலும் முன்னே நிற்பவர்கள் தோளோடு தோள் பிணைந்து, தலையைக் கொடுத்துத் தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். நடுவில் ஒருவன் பந்தைக் காலால் கொத்தி எடுப்பான். அவனுக்கு இரு புறமும் நிற்பவர்கள்தான் முன்வரிசைத் தூண்கள். நான் ரயில்வேயில் படவரைஞனாக இருந்தேன். பாலங்களின் முட்டுகளை வரைவது என் வேலை. ஸ்க்ரம்மை முதன்முதலில் பார்த்தபோதே எனக்கு அது விளங்கிவிட்டது. தூண் அசைந்தால் பாலம் போச்சு.

பரா உயரத்தில் பெரியவன் அல்ல. அகலத்தில் கதவு. பரராஜசிங்கம் முழுப்பெயர். அவன் தகப்பன், என் மாமா, கண்டியில் தபாலதிபராக இருந்ததால் அங்கேதான் படித்தான். கண்டிப் பள்ளிக்கூடங்களில் றகர் பந்து, அதாவது ரக்பி, என்றால் உயிர். மலையடிவாரத்துச் சேற்றில் இதே மாதிரியான தள்ளுமுள்ளுக்குள்தான் அவன் வளர்ந்தான். அங்கே அவன் குனிவதையும் கண்ணில் ஒற்றுவதையும் யாரும் கவனித்ததில்லை. அங்கே பக்கத்துக்குப் பதினைந்து பேர்; அந்த முப்பது பேரில் பாதிப்பேர் அதையே செய்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவை நம்பிச் சிட்னிக்கு வந்தான். அலுவலக வேலை தேடியவனுக்குச் செங்கல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை செய்தவர்கள் ‘பரா’ என்ற பெயரைக் கேட்டதும் வடக்குப் பக்கத்து ஆறுகளில் பிடிபடும் பராமுண்டி மீன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவன் மறுக்கவில்லை. “நல்ல மீனாம் அத்தான், ருசியாம்” என்று பெருமையாகச் சொன்னான்.

பாதிரியார் வேண்டாம்

எங்கள் வட்டாரக் கழகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கோடை முடிகிற நேரத்தில் அவர்கள் சோதனை ஆட்டம் வைப்பார்கள். புதியவர்கள் ஒரு பக்கம், கழகத்தின் பழைய ஆட்கள் மறுபக்கம். தேறுகிறவர்களை மூன்று அணிகளில் ஒன்றில் சேர்ப்பார்கள்.

பயிற்சியாளர் ரெஜ். முன்பு அவரும் ஒரு தூண்தான். பொரித்த அப்பளம்போல் சுருண்ட காதுகள். அவருடைய அப்போதைய முதல் அணித் தூணின் பெயர் புளூயி. செம்பட்டைத் தலைக்காரனுக்கு நீலம் என்று பெயர் வைப்பது இந்த நாட்டுப் பகிடி.

பரா நன்றாகவே ஆடினான். ஆட்டத்தின் நடுவில் ஒரு குவியலிலிருந்து எழும்பும்போது, கீழே கிடந்த புளூயியின் தொடையில் அவன் கால் பட்டுவிட்டது. மூன்று வயதில் பழகுவது மூளையில் இருப்பதில்லை, முள்ளந்தண்டில் இருக்கிறது. பரா குனிந்து புளூயியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான்.

புளூயி அதை முத்தம் அனுப்புகிற நக்கல் என்று நினைத்துவிட்டான். எழும்பின கையோடு பராவின் மூக்கில் ஒன்று விட்டான். இரத்தம் சேர்ட் முழுக்க வடிந்தது. பரா மூக்கைப் பொத்திக்கொண்டு, “சொறி” என்று மன்னிப்புக் கேட்டான்.

ரெஜ் கோட்டோரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாலையில் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே நின்று அவர் பெயர்களை வாசித்தார். பராவின் பெயர் வரவில்லை. நான் போய்க் காரணம் கேட்டேன். இந்த நாட்டில் அப்படிக் கேட்பது முறையோ என்று எனக்குத் தெரியாது. அத்தான் என்ற முறையில் கேட்டேன்.

“எனக்கு முன்வரிசைக்கு ஆள் வேணும், மேட். பாதிரியார் வேண்டாம்,” என்றார்.

ரயிலில் வரும்போது பரா மூக்கில் பஞ்சு அடைத்தபடி, மடியில் கடுதாசிப் பொட்டலத்தில் சூடான உருளைக்கிழங்குப் பொரியல் வைத்துத் தின்றான். வினாகிரி மணம் பெட்டி முழுக்க நிறைந்தது.

“தொடையில வச்சதுதான் அத்தான் பிழை,” என்றான். “மூக்கில வச்சிருக்க வேணும்.”

பை பிடிக்கிறவன்

அடுத்த செவ்வாய் வேலை முடிந்ததும் அவன் மைதானத்துக்குப் போனான். உன் பெயர் இல்லையே என்றார் ரெஜ். “தெரியும். ஏதாவது பிடிக்கிறதெண்டால் பிடிக்கிறன்,” என்றான் பரா.

மோதிப் பழகும் தடித்த பைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஓடிவந்து இடிப்பார்கள். இவன் நிற்பான். அதற்குள் ஸ்க்ரம் பழகும் இரும்புச் சட்டம் ஒன்று உடைந்துபோனது. திருத்தக் கொண்டுபோனார்கள், அது திரும்பி வரவேயில்லை. இரும்புக்குப் பதிலாகப் பராவை நிறுத்தினார்கள்.

வேலை முடிந்து அவனைக் கூட்டிக்கொண்டு போக நான் வியாழக்கிழமைகளில் அங்கே போவேன். மரப் படிகளில் உட்கார்ந்தால் யூக்கலிப்டஸ் தைலமும் தோடம்பழத் தோலும் கலந்த ஒரு மணம் வரும். முதல் அணியின் முன்வரிசை முழுதாக இவனைத் தள்ளும். முதலில் இவன் குதிகால் புல்லைக் கீறிக்கொண்டு பின்னால் போகும். மழைக்காலம் வந்தபோது பாதித் தூரம் போயிற்று. அந்த ஆண்டு முடிகிற நேரத்தில் போகவேயில்லை.

அதை முதலில் கண்டவர் ரெஜ் அல்ல. தள்ளியவர்கள்தான் கண்டார்கள். அடுத்த ஆண்டு புளூயி வேறொரு கழகத்துக்கு மாறிப் போனதும், அணித்தலைவர் ரெஜ்ஜிடம் போய், “அந்தப் பராமுண்டியை எங்களுக்கு எதிரே நிறுத்தாதேயுங்கோ, பக்கத்தில நிறுத்துங்கோ,” என்று சொன்னாராம். அப்படித்தான், யாரும் தெரிவு செய்யாத பரா, பின்கதவால் இரண்டாம் அணிக்குள் வந்தான்.

அங்கேயும் குனிந்தான். ஒரு முறை அவன் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த நேரம், அவன் நிற்கவேண்டிய இடைவெளியால் எதிரணிக்காரன் ஒருவன் ஓடிப்போய்ப் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஊன்றிப் புள்ளி எடுத்துவிட்டான். ரெஜ் அன்று எறிந்த தொப்பி மழைநீர் தேங்கிய வாய்க்காலில் விழுந்தது.

பிறகு முதல் அணித் தூண் ஒருவனுக்குத் தோள்மூட்டு விலகியது. பரா ஒருவன்தான் மிச்சம். ரெஜ் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை நீ ஆடுறாய். ஒரேயொரு தரம் குனிஞ்சாலும் வெளியில எடுப்பன். பிறகு இந்தக் கழகத்தில பை பிடிக்கவும் வரத் தேவையில்லை.”

எதிரணி, புளூயியின் புதிய கழகம்.

அரிசி, கடுதாசி, அத்தான்

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நான் புல்லில் படுத்திருந்தேன்.

அத்தானை மிதிக்க முடியாது என்று தெரிந்ததும் வேறு பொருள் தேடினேன். ஆள் பாரத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக வீட்டில் இருந்தது, நகரத்துச் சீனர் கடையில் வாங்கிவந்த அரிசிச் சாக்கு. அதை இழுத்துவந்து புல்லில் போட்டேன். பரா அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்குள் குசினிக் கதவு படாரென்று திறந்தது.

“இஞ்சருங்கோ! சோத்தை மிதிக்கவோ சொல்லிக் குடுக்கிறியள்?” என் மனைவி மங்கை கையில் அகப்பையோடு நின்றாள். “லச்சுமியைக் கொண்டந்து நிலத்தில போட்டிருக்கிறியள். எடுங்கோ உள்ளுக்கு!”

எடுத்தேன். பிறகு கராஜில் இருந்து பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஆள் நீளத்துக்கு அடுக்கினேன். ஓரங்களை நேர்ப்படுத்திக் கயிற்றால் கட்டினேன். பரா காலை வைத்தான். வைத்த கையோடு குனிந்து தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான்.

“இப்ப என்னடா?”

“கடுதாசி அத்தான். சரஸ்வதி.”

“ஆட்டுச் சந்தை விலையும் குதிரைப் பந்தயமும் இருக்கிற பேப்பரடா அது!”

“எழுத்து எழுத்துத்தானே.”

நான் செங்கல்லின் மேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உலகத்தில் மிதிக்கக்கூடிய பொருள் என்று எங்கள் ஆட்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பராவும் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல்முறையாக அவன் முகத்தில் பகிடி இல்லை.

“நான் நாளைக்குப் போகேல்லை அத்தான்,” என்றான். “கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு விளையாட ஏலுமோ? குனியாட்டி எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. அதை நினைச்சுக்கொண்டு நிண்டால் தள்ளவும் ஏலாது. பேசாமல் பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்.”

ஒரு பருவம் முழுக்க இரும்புச் சட்டத்துக்குப் பதிலாக நின்றவன் சொல்கிற கதை அது. 

நிலத்துக்கு ஒரு சொல்

பதிலை மங்கைதான் சொன்னாள். தேநீர் கொண்டுவந்தவள், கோப்பையைக் கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“நான் சின்னனில டான்ஸ் பழகினது உனக்கு ஞாபகமோ தம்பி?”

“ஓம். நிலம் அதிரும்.”

“வாயைப் பொத்து. ஆடத் தொடங்க முதல் என்ன செய்யிறனான்?”

பரா யோசித்தான். “நிலத்தைத் தொட்டுக் கும்பிடுறனீ.”

“ஏன்?”

“மிதிக்கப் போறாய் எண்டு.”

“அதுதானே! உன்னை மிதிக்கப் போறன், பொறுத்துக்கொள் எண்டு பூமாதேவியிட்ட முதலே கேட்டாச்சு. பிறகு ரெண்டு மணித்தியாலம் தாம்தூமெண்டு மிதிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் குனிஞ்சு கேட்டால் ஆடுறதெப்பிடி?” அவள் அவன் தலையில் விரலால் ஒரு குட்டுக் குட்டினாள். “நீயும் போகேக்க கேட்டுட்டுப் போ. அந்தப் பதின்மூண்டு பேருக்கும் சேர்த்து. கணக்கு முடிஞ்சுது.”

பரா தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்தான். பிறகு எழும்பிப் போய்ப் புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். திரும்பி வந்து, செய்தித்தாள் கட்டின் மேல் ஏறி நின்றான். குனியவில்லை. அந்தப் பக்கம் இறங்கினான். மறுபடி ஏறினான்.

“அரிசியைக் கொண்டரட்டோ?” என்றேன்.

“கொண்டந்து பாருங்கோ!” என்றாள் மங்கை.

ஈரம் பார்க்கிறவன்

ஞாயிறு மதியம் வெயில் இருந்தது, சூடு இல்லை. அணி வெளியே ஓடிவந்தபோது பரா கடைசியாக வந்தான். வெள்ளைக்கோட்டில் நின்றான். குனிந்து வலது கையால் புல்லைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றினான். ரெஜ் இருந்த இடத்திலிருந்து பாதி எழும்பிவிட்டார். அவருடைய கழுத்துச் சிவந்ததை நான் படிகளில் இருந்தே பார்த்தேன்.

எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர் தன் நண்பரிடம் சொன்னார்: “ஈரம் எவ்வளவெண்டு பாக்கிறான். விஷயம் தெரிஞ்ச ஆள்.”

முதல் ஸ்க்ரம். புளூயி தலையைக் கொடுக்கும்போது, “ஓ, பாதிரியாரோ! பூசைக்கு வந்தனீரோ?” என்றானாம்.  இரண்டு முன்வரிசைகளும் மோதிய சத்தம், பாரமான இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் சாத்தியதுபோல் கேட்டது. புளூயியின் குதிகால்தான் புல்லைக் கீறியது.

கொஞ்ச நேரத்தில் நாங்கள் பயந்தது நடந்தது. ஒரு குவியலிலிருந்து எழும்பிய பரா, கீழே கிடந்த புளூயியின் தொடையில் கால் வைத்துவிட்டான். மங்கை என் சேர்ட் கையைப் பிடித்துக் கசக்கினாள்.

பராவின் வலது கை ஒருமுறை விரிந்து மூடியது. அவ்வளவுதான். முதுகு நிமிர்ந்தபடியே அவன் தன் இடத்துக்குப் போய் நின்றான். அந்த இடத்தால் புகுந்து ஓட வந்த எதிரணிக்காரன் இவன் நெஞ்சில் மோதி விழுந்தான்.

அன்று நாங்கள் சொற்ப வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் ஸ்க்ரம் ஒன்றிலும் பின்னால் போகவில்லை. உடை மாற்றும் அறை வாசலில் ரெஜ் பராவை நிறுத்தினார்.

“அடுத்த ஞாயிறும் நீதான், பராமுண்டி. அதுசரி, அந்தப் புல்லைத் தொட்டது?”

“ஈரம் பார்த்தனான்.”

ரெஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லது. ஒவ்வொரு கிழமையும் பார்,” என்றார்.

பார்த்தான். அந்தப் பருவம் முடியும் வரை பார்த்தான். அடுத்தடுத்த பருவங்களிலும் பார்த்தான். தோள் சுகமாகித் திரும்பி வந்தவன் மறுபக்கத் தூணாக நிற்கவேண்டியதாயிற்று. பின்னர் பரா நகரத் தெரிவணிக்கும் போனான். செய்தித்தாளில் அவன் படம் வந்த அன்று, மங்கை அதைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டினாள். ஒரு பக்கம் கோணலாயிற்று. நான் அடிமட்டம் வைத்து நேராக்கினேன்.

அப்போது சிட்னித் தமிழர் எல்லோரையும் ஒரு வீட்டு விறாந்தையில் இருத்தலாம். ஒரு வைத்தியர், “உங்கட பொடியன் ஏன் இந்த மாட்டுச் சண்டைக்குப் போறான்?” என்று ஒருநாள் என்னைக் கேட்டிருந்தார். அதே வைத்தியர் பிறகு குடும்பத்தோடு, மடக்குக் கதிரையும் வடைப் பெட்டியுமாக, எங்களுக்கு முன்னரே வந்து நல்ல இடம் பிடித்துவிடுவார். “எங்கட பரா” என்று முன்னால் இருக்கும் வெள்ளைக்காரருக்கு விளக்கம் வேறு கொடுப்பார். நான் திருத்தவில்லை. எங்கட பராதான்.

ஒரு மாலை லிட்கம் பூங்காவைக் கடந்து நடந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுப் பந்தைத் தூக்கி ஓடினார்கள். எல்லோரும் வெள்ளைப் பிள்ளைகள். ஈரம் பார்க்கிறார்கள்.

புளூயி

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணிகளும் சேர்ந்து குடிப்பது இங்கே வழக்கம். பராவுக்கு லெமனேட். அப்படியான ஒரு மாலையில் புளூயி கேட்டான்: “அந்த முதல் நாள், நீ எனக்கு என்ன செய்தனி?”

பரா விளங்கப்படுத்தினான். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும் என்றான்.

“அப்ப நீ என்னைக் கும்பிட்டனியோ?”

“உன்னை இல்லை. உன்ர தொடையை.”

புளூயி சிரித்ததில் பியர் மூக்கால் வந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டானாம். “அதுக்கு நான் உன்ர மூக்கை உடைச்சுப்போட்டன்,” என்றான்.

“ஓம். அதுக்கு நீ இன்னும் கும்பிடேல்லை,” என்றான் பரா.

புளூயியின் கடைசிப் பருவம் வந்தது. எங்கள் மைதானத்தில் அவன் ஆடிய கடைசி ஆட்டம். மழை விட்டிருந்தது, தரை சேறு. பரா பந்தோடு ஓடி, மூன்று பேரால் விழுத்தப்பட்டுக் கிடந்தான். புளூயி அவனைத் தாண்டும்போது அவன் தோளில் கால் வைத்துவிட்டான்.

இரண்டு அடி போனவன் நின்றான். திரும்பி வந்தான். அவ்வளவு சனத்துக்கும் முன்னால், அந்தச் செம்பட்டைத் தலை குனிந்தது. பராவின் சேறு படிந்த தோளைத் தொட்டு, விரலைத் தன் மூக்கில் ஒற்றிக்கொண்டான்.

பரா எழும்பினான். எழும்பிய கையோடு, ரெஜ் பழக்கியபடி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டினான். எங்கள் ஆள் ஒருவன் அதை எடுத்து, குனிந்து நின்ற புளூயி விட்டிருந்த இடைவெளியால் ஓடிப்போய் எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஊன்றினான்.

மைதானம் எழும்பி ஆர்ப்பரித்தது. புளூயியின் பயிற்சியாளர் கோட்டோரத்தில் தொப்பியை எறிந்துவிட்டுக் கத்தினார். எங்கள் அணி புள்ளி எடுத்தவனை நோக்கி ஓடியது. பரா ஓடவில்லை. அவன் புளூயியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான். சிரிப்பில் இருவருடைய முதுகும் குலுங்குவது எங்கள் படிகளில் இருந்தே தெரிந்தது.

மங்கை எழும்பிக் கைதட்டினாள். எங்கள் புள்ளிக்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

“பாவம், கண்ணில ஒற்றத் தெரியேல்லை,” என்றாள். “பரவாயில்லை. வெள்ளைக்காரன்தானே, பழகியிடுவான்.”